பதினோரு ஆண்டுக் காலைகளும் ஒரே ஓர் இரவும்: வெண்டி ஹார்மரின் ஊடக வாழ்க்கை

1955 டிசம்பரில் மெல்பர்ன் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த யூனியன் தியேட்டர் மேடையில் பேரி ஹம்ஃப்ரிஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் பெண் வேடமிட்டு வந்து நின்றார். மூனி பாண்ட்ஸ் புறநகரைச் சேர்ந்த குடும்பத் தலைவி. பெயர் எட்னா எவரேஜ். மறு ஆண்டு நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டிக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்க முன்வரும் பெண்ணாக அந்தக் குறுநாடகத்தில் அவர் நடித்தார். பிறகு எட்னா ‘டேம் எட்னா’ ஆனார், லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனார். அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அறிந்த ஆஸ்திரேலிய நகைச்சுவைப் பெண்மணி என்றால் அவர்தான். பெண்ணின் அசட்டுத்தனம், பெண்ணின் பொறாமை, பெண்ணின் வாய்த்துடுக்கு எல்லாவற்றையும் ஓர் ஆண் நடித்துக் காட்ட நாடு சிரித்தது.

எட்னா மேடையேறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே விக்டோரியா மாநிலத்தில், யாரம் என்ற சிற்றூரில் வெண்டி ஹார்மர் பிறந்தார். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, வேடம் எதுவும் இல்லாமல் தன் பெயரிலேயே தேசியத் தொலைக்காட்சியில் நின்று நாட்டைச் சிரிக்கவைக்கப்போகிறவர். ஆஸ்திரேலியாவின் பெண் நகைச்சுவையாளர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘முதல் பெண்’ பட்டியலைப் போடுவார்கள்: இந்த நிகழ்ச்சியின் முதல் பெண் தொகுப்பாளர், அந்த விழாவின் முதல் பெண் என்று. கதவு திறந்த நாளைக் குறித்துவைப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே போனவரை எத்தனை ஆண்டு உள்ளே இருக்கவிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. சிரிக்கவைக்கும் தொழிலில் தேர்ச்சி என்பது திரும்பத் திரும்பச் சொதப்பித் தேறுவது. அந்த அவகாசத்தைப் பெண்களுக்கு யார் கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதற்கு ஹார்மரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர். உலகில் ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பிளவு வருகிறது. வெளியே தெரிவது உதட்டின் தழும்பு. பேச்சைப் பாதிப்பது உள்ளே இருக்கும் அண்ணம். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கதவாக இருக்க வேண்டிய மென்னண்ணம் சரியாக மூடாவிட்டால், பேசும்போது காற்று மூக்கு வழியாகத் தப்பிவிடும். வாய்க்குள் காற்றை அடைத்துச் சட்டென்று விட்டால்தான் க, ட, ப போன்ற வல்லின ஒலிகள் பிறக்கும். அடைக்க முடியாத குழந்தைக்கு அந்த ஒலிகளெல்லாம் மழுங்கி மூக்கொலியாக வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஒவ்வோர் ஒலியையும் பயிற்சியால் கைப்பற்ற வேண்டும். ஹார்மரின் தந்தை பள்ளி ஆசிரியர். ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பம். ஒவ்வொரு புதுப் பள்ளியிலும் இந்தச் சிறுமி புதிதாகக் கேலிக்கு ஆளாக வேண்டியிருந்தது. அவருடைய பத்து வயதில் தாய் வீட்டைவிட்டுப் போனார். பதின்ம வயதில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தன. தன் நினைவுக் குறிப்பிலும் நேர்காணல்களிலும் இவற்றையெல்லாம் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சிறுமிதான் பின்னாளில் குரலை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு வந்தார், அதுவும் வானொலிக்கு. இதைத் துன்பத்தை வென்ற கதையாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வது எளிது. எனக்கு அது போதவில்லை. கேலிக்கு ஆளாகும் குழந்தை எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கணிக்கக் கற்றுக்கொள்கிறது. குடித்த கூட்டத்தின் முன் நிற்கும் காமெடியனுக்கு வேண்டிய முதல் திறமையும் அதுதான். ஒலிகளை ஒவ்வொன்றாக உழைத்துப் பெற்றவருக்கு ஒரு வாக்கியத்தில் அழுத்தம் எந்தச் சொல்லில் விழ வேண்டும் என்ற உணர்வும் கூடுதலாகவே இருக்கும். இது என் ஊகம்தான். அவர் பேச்சைக் கேட்கும்போது இந்த ஊகம் எனக்கு வலுப்படுகிறது.

முதலில் அவர் பத்திரிகையாளர். விக்டோரியாவின் பழைய நாளிதழ்களில் ஒன்றான, 1840இல் தொடங்கிய ‘ஜீலாங் அட்வர்டைசர்’ அவருக்குப் பயிற்சிக் களம். பிறகு மெல்பர்ன் ‘சன்’ நாளிதழ். எண்பதுகளின் தொடக்கத்தில் நகரத்தில் புதிதாக முளைத்திருந்த காமெடிக் கூடங்களைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தக் கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்பர்னின் உள்நகர்ப் பகுதிகளான ஃபிட்ஸ்ராயும் காலிங்வுட்டும் அப்போது வாடகை மலிவான, தொழிலாளர் குடும்பங்களும் மாணவர்களும் கலந்து வாழ்ந்த இடங்கள். எழுபதுகளின் நடுவில் ஜான் பிண்டர் என்பவர் காலிங்வுட்டில் ‘லாஸ்ட் லாஃப்’ என்ற அரங்கை நடத்தத் தொடங்கினார். கீழே சாப்பாட்டு மேசைகள், நடுவே மேடை. மாடியில் ‘லே ஜோக்’ என்ற சிறிய அறை, புதியவர்கள் தங்கள் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் இடம். இப்படிப்பட்ட அறையில் ரசிகருக்கும் பேசுபவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. நகைச்சுவை எடுபடவில்லை என்றால் முட்கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்கும். இந்த வட்டாரத்தில் ஊறியவர்கள்தான் பிறகு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நகைச்சுவையை ஆண்டார்கள். 1987இல் தொடங்கிய மெல்பர்ன் சர்வதேச நகைச்சுவை விழாவும் இந்த மண்ணில் முளைத்ததுதான். அதைத் திட்டமிட்டவர்களில் பிண்டரும் ஒருவர்.

தொலைக்காட்சியில் ஹார்மர் முதலில் தலைகாட்டியது பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் ‘தி கில்லீஸ் ரிப்போர்ட்’ என்ற அரசியல் நையாண்டித் தொடரில். நாட்டுக்கு அவர் முகம் பழகியது 1989இல் தொடங்கிய ‘தி பிக் கிக்’ மூலம். ஏபிசியின் மெல்பர்ன் அரங்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு, செவ்வாய் இரவு. காமெடிக் கூடத்தின் வாசனையை அப்படியே அரங்குக்குள் கொண்டுவந்த நிகழ்ச்சி அது. மேடையைச் சுற்றி ரசிகர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கலைஞர்கள். டக் ஆன்டனி ஆல் ஸ்டார்ஸ் என்ற மூவர் குழு முகத்தில் அறைவதுபோல் பாடிவிட்டுப் போகும். ஜீன் கிட்சன் தன் பாத்திரங்களோடு வருவார். இவர்களையெல்லாம் ஒரு கயிற்றில் கோர்த்து, நேரம் தவறாமல், ரசிகர்களின் சூடு ஆறாமல் நடத்திச் செல்லும் பொறுப்பு ஹார்மருடையது.

அந்த ஆண்டின் மற்ற நிகழ்ச்சிகளோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். எண்பதுகளின் இறுதி ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்குப் பொற்காலம். சேனல் பத்தில் ‘தி காமெடி கம்பெனி’, சேனல் ஏழில் ‘ஃபாஸ்ட் ஃபார்வர்ட்’. மேரி-ஆன் ஃபாஹி, மக்டா சுபான்ஸ்கி, ஜீனா ரைலி, ஜேன் டர்னர் என்று அபாரமான பெண்கள் அவற்றில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பாத்திரங்களாக வந்தார்கள்: பள்ளிச் சிறுமியாக, செய்தி வாசிப்பவராக, பக்கத்து வீட்டுப் பெண்ணாக. கிரேக்கக் குடியேறிகளின் மகளான மேரி கூஸ்டாஸ் நாட்டுக்கு அறிமுகமானதும் ‘அக்ரோபொலிஸ் நவ்’ தொடரின் எஃபி என்ற பாத்திரமாகத்தான். வேடம் தரும் சுதந்திரம் பெரியது. ஃபாஹியின் பள்ளிச் சிறுமி கைலி மோலைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. இருந்தாலும் எந்த வேடமும் இல்லாமல், ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்று ஒரு பெண் மைக்கின் முன் நிற்பது வேறு வகையான உரிமை. நகைச்சுவை எடுபடாவிட்டால் பழியைச் சுமக்கப் பாத்திரம் எதுவும் இருக்காது. அந்த இடத்தில் நின்று, தொகுப்பாளர் வேலையையும் சேர்த்துச் செய்தார் ஹார்மர்.

1993இல் அவர் சிட்னிக்குப் பெயர்ந்து டூடே எஃப்.எம். நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் சேர்ந்தார். பெயர் ‘தி மார்னிங் க்ரூ’. ஒன்றிரண்டு ஆண்டு தாங்கினாலே சாதனை என்று கருதப்படும் அந்த இடத்தில் 2003 வரை பதினோரு ஆண்டு இருந்தார். ஆஸ்திரேலிய வானொலியில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் பெண் என்று பத்திரிகைகள் எழுதின.

வணிக வானொலியின் காலை நிகழ்ச்சி எப்படி இயங்குகிறது என்பது கேட்பவர்களுக்கு முழுதாகத் தெரியாது. விடியுமுன் நிலையத்துக்குப் போக வேண்டும். செய்தி, போக்குவரத்து நிலவரம், விளம்பரம், பாட்டு எல்லாம் மணிக்கணக்குப்படி முன்பே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே கிடைக்கும் சில நிமிட இடைவெளிதான் பேசுபவர்களுடையது. காதில் ஹெட்போனில் தயாரிப்பாளர் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பார். கேட்பவர் காரில் ஏறும்போது திறந்து, இறங்கும்போது அணைத்துவிடுவார். அதனால் முந்தைய பேச்சைக் கேட்டிருக்காவிட்டாலும் இந்தப் பேச்சு தனியாக நின்று சிரிப்பூட்ட வேண்டும். இதை வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்லாமல் செய்ய வேண்டும். மேடைக் காமெடியன் ஒரு மணி நேரச் சரக்கை ஓராண்டு தீட்டி ஊர் ஊராகக் கொண்டுபோவார். காலை வானொலியில் அந்த ஒரு மணி நேரம் திங்கள்கிழமையே தீர்ந்துவிடும். இதற்கு மேல் ஆண்டுக்குப் பலமுறை வெளியாகும் நேயர் கணக்கெடுப்பு. ஒரு புள்ளி இறங்கினால் அலுவலகத்தில் கூட்டம், இரண்டு புள்ளி இறங்கினால் பத்திரிகையில் செய்தி.

இந்த அமைப்பில் பெண்ணுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இரண்டு ஆண்கள் பேச, அவர் சிரிக்க வேண்டும். எல்லை மீறினால் ‘போதும்பா’ என்று செல்லமாகக் கடிந்துகொள்ள வேண்டும். ஹார்மர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. பேச்சைத் தொடங்குபவரும் திருப்புபவரும் முடிப்பவரும் அவராக இருந்தார். ஆண்கள் அவரைச் சுற்றி இயங்கினார்கள். இடையில், நாற்பதைக் கடந்த வயதில் தாயானார். அந்த வாழ்க்கையும் காலைப் பேச்சுக்குள் வந்தது. சிட்னியில் கார் ஓட்டிப் போன பெண்கள், தங்கள் சமையலறையில் நடக்கும் உரையாடல் நகரத்தின் பெரிய வானொலி ஒன்றில் அலட்சியமில்லாமல் ஒலிப்பதை அப்போது கேட்டார்கள்.

அந்தப் பதினோரு ஆண்டின் உச்சத்தில்தான் அந்த ஓர் இரவு வந்தது. லோகி விருது விழா ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் ஆண்டுத் திருவிழா. தொலைக்காட்சியைக் கண்டுபிடித்த ஜான் லோகி பேர்டின் பெயர் கொண்டது. 1999, 2000 ஆண்டுகளில் ஆன்ட்ரூ டென்டன், 2001இல் ஷான் மிக்கலெஃப் என்று நகைச்சுவையாளர்கள் அதைத் தொகுத்து வழங்கினார்கள். 2002இல் ஹார்மர். பெண் ஒருவர் தனியாக அந்த மேடையைச் சுமப்பது அதுவரை வழக்கமில்லை. மறுநாள் விமர்சனங்கள் கடுமையாக வந்தன. அந்த அரங்கில் இருப்பவர்கள் கேமராவுக்கு முகம் காட்டியபடி தங்கள் விருதுக்காகக் காத்திருக்கும் நட்சத்திரங்கள். தங்களைப் பற்றிய நகைச்சுவைக்குச் சிரிக்க அவர்களுக்கு மனமிருக்காது. அங்கே தடுமாறாதவர்கள் குறைவு. ஹார்மருக்கு அது ஒரே ஒரு முறை. 2009இல் கிரெட்டல் கில்லீனுக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது; எழுத்தாளரும் நகைச்சுவையாளருமான அவரும் மறுநாள் அதே அடியை வாங்கினார். இந்த இரண்டு பெயரையும் இன்றுவரை தோல்விப் பட்டியலில் சேர்த்தே சொல்கிறார்கள். ஓர் இரவு விழாவை அளவுகோலாக வைத்துக்கொண்டு பத்தாண்டுக் காலைகளை மறந்துபோவது எழுதுபவர்களின் சோம்பல். இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஹார்மர் விலகியபின் டூடே எஃப்.எம். நிலையத்தில் நடந்தது என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 2004இல் அந்த இடத்துக்கு ஜூடித் லூசி, காஸ் குக், பீட்டர் ஹெலியர் மூவரும் வந்தார்கள். மெல்பர்ன் மேடைகளில் தேறிய, கூர்மையான நாக்கும் சலிப்பேறிய குரலும் கொண்ட லூசி நாட்டின் தலைசிறந்த காமெடியன்களில் ஒருவர். குக் கார்ட்டூனிஸ்ட், எழுத்தாளர். ஒரு குழுவில் இரண்டு பெண்கள், இருவரும் தங்கள் சொந்தச் சரக்கோடு வந்தவர்கள். கணக்கெடுப்பில் எண்கள் ஏறவில்லை. ஓராண்டிலேயே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். 2005இல் அந்த நேரம் கைல் சாண்டிலண்ட்ஸுக்கும் ஜாக்கி ஓவுக்கும் போனது. அதிர்ச்சியைச் சரக்காக்கிய அந்த நிகழ்ச்சி அங்கே ஒன்பது ஆண்டு ஓடியது. வேலை போன அனுபவத்தையே லூசி ‘ஐ ஃபெயில்ட்’ என்ற மேடை நிகழ்ச்சியாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் அரங்குகளை நிறைத்தார். அவருடைய திறமை வானொலிக்குப் போதவில்லை என்று நான் நம்பவில்லை. புதிய குரலுக்குக் காது பழக ஓராண்டு போதாது. பழகிய குரல் போன இடத்தில் வரும் குரலுக்கு அறவே போதாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஹார்மருக்குக் கிடைத்த பதினோரு ஆண்டும் யாரோ கருணையோடு கொடுத்தது அல்ல. எண்கள் அவர் பக்கம் இருந்தன, நிலையம் பணம் பார்த்தது. அவர் வெள்ளை இனத்தவர், ஆங்கிலம் தாய்மொழி. குடியேறிகள் நிறைந்த சிட்னியில், தலைமுறை தலைமுறையாக வணிக வானொலியின் காலை நாற்காலிகள் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர்களிடமே இருந்தன. பூர்வகுடிப் பெண்ணான நகியா லூய் போன்றவர்கள் ‘பிளாக் காமெடி’ வழியாக ஏபிசி தொலைக்காட்சிக்குள் வந்ததற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவகாசம் என்ற செல்வம் பெண்களிடையிலும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

வானொலியை விட்டபின் ஹார்மர் நிறைய எழுதினார். நாவல்கள் வந்தன, பூங்காவில் வாழும் தேவதை பேர்லியைப் பற்றிய சிறுவர் நூல்கள் அனிமேஷன் தொடராகிச் சேனல் பத்தில் ஓடின. 2011இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ‘தி ஹூப்லா’ என்ற இணைய இதழைத் தொடங்கினார். நடுவயதுப் பெண்களுக்குச் செய்தியும் கருத்தும் தருவது நோக்கம். ஜூலியா கில்லார்ட் பிரதமராக இருந்த காலம். பெண் ஒருவர் அதிகாரத்தில் இருந்தால் அவரை நோக்கி எப்படிப்பட்ட மொழி எழும் என்பதை நாடு அப்போது நேரில் பார்த்துக்கொண்டிருந்தது. இதழுக்கு வாசகர்கள் இருந்தார்கள், வருமானம் போதவில்லை, 2015இல் மூடப்பட்டது.

பிறகு நடந்ததை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். 2016இல், அறுபது வயதில், ஏபிசி சிட்னி வானொலியின் முற்பகல் நிகழ்ச்சிக்கு வந்தார். 2018இல் வானொலித் தொகுப்பாளர் ராபி பக்கோடு சேர்ந்து காலை நிகழ்ச்சி. அப்போது அவருக்கு அறுபத்திரண்டு. பெண் குரலுக்கு நாற்பதிலேயே வயதாகிவிட்டது என்று எண்ணும் தொழிலில் இது சாதாரண நியமனம் இல்லை. ஒருவரே பேசிப் பழகிய நிகழ்ச்சியில் இருவர் பேசத் தொடங்கியதும் நேயர் எண்ணிக்கை முதலில் சரிந்தது, விமர்சனமும் வந்தது. வணிக நிலையமாக இருந்தால் ஓராண்டில் முடிந்திருக்கும். ஏபிசி நான்கு ஆண்டு கொடுத்தது. அந்த நான்கு ஆண்டுக்குள் 2019-20 கோடைக் காட்டுத்தீ வந்தது, புகை சிட்னியை மூடிய காலைகளில் எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த ஊர் வெளியேற வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கொரோனா வந்தது. 2021 ஜூன் முதல் அக்டோபர் வரை நகரமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, தனியாக இருந்த முதியவர்களுக்கு அன்றாடம் கேட்ட மனிதக் குரல்களில் ஒன்று அவருடையது. நகைச்சுவையாளரின் பயிற்சி அங்கே வேறு விதமாகப் பயன்பட்டது: எந்த நொடியில் சிரிக்கலாம், எந்த நொடியில் சிரிப்பை விழுங்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் மைக்கில் இருந்தார். 2021 இறுதியில் இருவரும் விடைபெற்றார்கள். 2023இல் ‘லைஸ் மை மிரர் டோல்ட் மீ’ என்ற நினைவுக் குறிப்பு வந்தது.

இன்று ஆஸ்திரேலியப் பெண் நகைச்சுவையைப் பற்றிப் பேசினால் பேச்சு நேராக ஹன்னா காட்ஸ்பிக்குப் போகிறது. 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவரது ‘நானெட்’ மேடை நிகழ்ச்சி உலகம் முழுதும் விவாதிக்கப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அந்த நிகழ்ச்சிகூட வருடக்கணக்கான மேடைப் பழக்கத்தின் விளைவு. மேடை நிகழ்ச்சி ஒளிப்பதிவாகிப் பாதுகாக்கப்படுகிறது, தினசரி வானொலியின் பேச்சு ஒலித்த நொடியிலேயே காற்றில் போகிறது. ஹார்மரின் மிகச் சிறந்த வேலை பெரும்பாலும் அப்படிப் போனதுதான். லோகி இரவு மட்டும் பத்திரிகைக் கத்தரிப்புகளில் தங்கிவிட்டது.

இந்த வரலாற்றை எழுத முனையும் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தி பிக் கிக்’ ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே 1989இல், தன்னைப் பற்றி எழுதாமல், ஆஸ்திரேலியாவின் வேடிக்கையான பெண்களைப் பற்றி ‘இட்ஸ் எ ஜோக், ஜாய்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார் ஹார்மர். புகழ் வந்த முதல் ஆண்டிலேயே தனக்கு முன்னும் தன்னோடும் இருந்தவர்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விருதுப் பட்டியல்களைத் திறப்பதற்கு முன் நூலகத்தில் அந்த நூலைத் தேடி எடுத்து வாசியுங்கள். அந்தப் பெண்களில் எவருக்கு எத்தனை ஆண்டு மைக் கிடைத்தது என்ற கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.